எனக்குக் கேட்ட சத்தம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், தீபாவளி முடிந்த இரண்டாவது வாரத்தில், மலேசியாவில், யோங் பெங் என்ற சிற்றூரில் உள்ள எங்கள் லோரிப் பட்டறையில் நடந்தது இது. பட்டறை என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். நெடுஞ்சாலைக்குப் போகும் பாதையில், ஒரு டயர் கடைக்கும் மூடிக் கிடக்கும் மரச்சாமான் கிடங்குக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட ஓர் இடம். இரண்டு லோரிகள் உள்ளே நிற்கலாம். மூன்றாவது வந்தால் அதன் பின்பாதி மழையில் நனையும். என் கணவர் மெக்கானிக். நான் முன்பக்கத்து மேசையில் அமர்ந்து தொலைபேசியை எடுப்பேன், உதிரிப் பாகங்களுக்குச் சொல்லி அனுப்புவேன், வேலைச் சீட்டு எழுதுவேன். வேலை இல்லாத நேரத்தில் நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தைப் படிப்பேன்.

அந்த வட்டாரத்து ஓட்டுநர்கள் என் கணவருக்குக் 'காதுக்காரர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சிகாமட்டிலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். பழைய லோரிகளில் கோளாற்றைக் காட்டித் தரும் கருவி எதுவும் கிடையாது. அவரிடம் இருந்தது ஒரு நீளமான ஸ்குரூடிரைவர். அதன் முனையை எஞ்சின் மேலோ கியர்பாக்ஸ் மேலோ வைத்து, கைப்பிடியைத் தன் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிவிடுவார். அரை நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்து, இன்ன இடத்தில் இன்னது தேய்ந்திருக்கிறது என்பார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

அந்த மேசையில் இருபத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்ததில் எனக்கும் சில சத்தங்கள் பழகிவிட்டிருந்தன. கிளச் பெடலை மிதிக்கும்போது ஓர் ஓசை எழுந்து, காலை எடுத்ததும் அது அடங்கிவிட்டால், தேய்ந்திருப்பது கிளச் பேரிங். பெடலைத் தொடாதபோது ஓசை இருந்து, மிதித்ததும் நின்றுவிட்டால், கோளாறு கியர்பாக்ஸின் முன்பக்கத்து பேரிங்கில். இதை என் கணவர் ஓட்டுநர்களுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறார். பக்கத்தைப் புரட்டியபடியே நானும் கேட்டிருக்கிறேன்.

ஆனால் அந்தத் தீபாவளிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே வீட்டில் சில மாற்றங்களை நான் கவனித்து வந்தேன். சோறு வெந்துவிட்டது என்று மின்சாரப் பானை கீச்சிடும் ஒலிக்கு அவர் தலை திரும்பவில்லை. கோலாலம்பூரில் இருக்கும் எங்கள் மகள் தொலைபேசியில் எதைக் கேட்டாலும் "ஆமாம்மா, ஆமாம்மா" என்றார். தொலைக்காட்சியின் ஓசை மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனது. ஒருமுறை நான் மெல்லப் பேச்செடுத்தபோது, எல்லாருக்கும் வாய்க்குள்ளேயே பேசும் பழக்கம் வந்துவிட்டது என்று எரிந்து விழுந்தார். அதன் பிறகு நான் அதைத் தொடவில்லை. பட்டறையில் எந்தத் தவறும் நேரவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தடித்த, கனமான சத்தங்கள் அவருக்கு முன்போலவே கேட்டன. போனவை மெல்லிய, கூர்மையான சத்தங்கள் மட்டுமே. இது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஓட்டுநர் எங்களிடம் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தவர். நாற்பது வயதைத் தாண்டியவர். இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன். தவுக்கே என்று நாங்கள் அழைக்கும் ஒரு சீன முதலாளியிடம் பதினோரு ஆண்டுகளாக லோரி ஓட்டினார். சிறு தோட்டங்களில் வெட்டிய செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டுபோய் ஆலையில் இறக்குவது வேலை. லோரி தவுக்கேயுடையது என்றாலும் அதை அவர் தன் இரண்டாவது சம்சாரம் என்றே சொல்வார்.

அன்று மத்தியானம் மழைக்கு முன்னால் வந்தார். இறங்கும்போதே பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"அண்ணே, கிளச்ச மிதிச்சா ஒரு சத்தம். விட்டா போயிடுது. ஒரு வாரமா இவ முனகிக்கிட்டே வர்றா. வீட்டுல இருக்கறவ திட்டினாகூட எனக்கு இப்படிக் கேக்காது."

என் கணவர் சிரித்துக்கொண்டே ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு லோரிக்குக் கீழே போனார். எஞ்சின் ஓடியது. ஓட்டுநர் மிதித்தார், விட்டார், மறுபடி மிதித்தார். நான் மேசையில் இருந்தேன். ஒவ்வொரு முறை அவர் மிதிக்கும்போதும், கொதிக்கத் தொடங்கும் கெண்டியின் மூக்கிலிருந்து வருவதுபோல் மெல்லிய கீச்சொலி ஒன்று எழுந்து, காலை எடுத்ததும் அறுந்தது. எனக்கு அது தெளிவாகக் கேட்டது. புத்தகத்தை மூடி வைத்தேன்.

என் கணவர் நெடுநேரம் கீழேயே இருந்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, ஒன்றும் இல்லை என்றார்.

"இருக்குண்ணே. இப்பகூட வந்துச்சே."

"உன் காதுல தீபாவளி பட்டாசு இன்னும் வெடிச்சிக்கிட்டு இருக்குலா."

டயர் கடையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இருவர் சிரித்தார்கள். ஓட்டுநரும் சிரித்தார். பட்டாசு வெடித்தது தன் மகள்கள்தான், தான் உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். என் கணவர் வேலையில் குறை வைக்கிறவர் இல்லை. பெடலின் இடைவெளியைச் சரிசெய்தார், இணைப்புகளுக்குக் கிரீஸ் வைத்தார். அதற்குள் நான் தேநீர் கலந்து, டின்னில் மிச்சமிருந்த தீபாவளி முறுக்கைத் தட்டில் வைத்தேன். ஓட்டுநர் குடித்துவிட்டுச் சீட்டுக்குக் கை நீட்டினார்.

எங்கள் பட்டறையில் வேலை முடிந்ததும் என் கணவர் வாயால் சொல்வதை நான் சீட்டில் எழுதுவேன். தவுக்கேக்குத் தமிழ் தெரியாததால் மலாயில் எழுதுவது வழக்கம். ஓட்டுநர் அதன் நகலை முதலாளியிடம் கொடுப்பார். கிளச் பேரிங்கைப் பார்க்க வேண்டுமானால் கியர்பாக்ஸையே கீழே இறக்கியாக வேண்டும். லோரி ஒரு நாள் முழுக்க நின்றுவிடும். பட்டறை எழுதிக் கொடுத்தால் ஒழிய எந்தத் தவுக்கேயும் அதற்குச் சம்மதிக்க மாட்டார். ஓட்டுநரின் வாய்ப்பேச்சு அங்கே செல்லாது. ஆகவே அந்தச் சீட்டில் நான் எழுதும் ஒரு வரிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

'தியாடா புன்யி' என்று எழுதினேன். சத்தம் இல்லை என்று பொருள். பெடல் சரிசெய்யப்பட்டது என்று அதற்குக் கீழே சேர்த்தேன்.

ஒருவேளை இடைவெளியைச் சரிசெய்ததில் ஓசை அடங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி அடங்காது என்பது எனக்குத் தெரியாததல்ல.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். இம்முறை வேடிக்கைப் பேச்சு குறைந்திருந்தது. ஆலையின் வாசலில் எடைமேடைக்கு ஏறும் ஒரு சரிவு உண்டு. அங்கே லோரிகள் வரிசையில் நின்று நின்று நகர வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் கிளச்சை மிதிக்க வேண்டும். அங்கேதான் சத்தம் அதிகம் என்றார். பெடல் காலுக்கடியில் நடுங்குவதுபோல் இருக்கிறது என்றும் சொன்னார்.

அன்று பட்டறையில் கூட்டம். பத்து பகாட் என்ற ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு மலாய்க்காரர், மூன்று லோரிகளுக்குச் சொந்தக்காரர், தன் வண்டிகளை இனி எங்களிடமே விடலாமா என்று பார்க்க வந்திருந்தார். டயர் கடைக்காரரும் இருந்தார். எல்லாருக்கும் முன்னால் என் கணவர் இரண்டாம் முறையாக லோரிக்குக் கீழே போனார். ஓசை இப்போது கூடியிருந்தது. உலோகத்தை நகத்தால் கீறுவதுபோல் என் பல்லைக் கூசச் செய்தது. ஆனால் மழையும் பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் மழை விழும் இரைச்சலில், தூரத்தில் நின்றவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

என் கணவர் வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. இல்லாத ஒன்றை எங்கே போய்த் தேடுவது என்று கேட்டார். குரல் உயர்ந்தது. ஓட்டுநர் அவரோடு வாதாடவில்லை. என் மேசைப் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. நீங்க இங்கதானே இருந்தீங்க. உங்களுக்குக் கேக்குதா, இல்லையா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டு வாழ்க்கையில் அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. கோபம் இல்லை அதில். பயம் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே, தம்பி" என்றேன்.

ஓட்டுநர் தலையை ஆட்டினார்.

"அப்ப என் காதுதான் போலக்கா."

சீட்டை எழுதிக் கொடுத்தேன். அதே இரண்டு சொற்கள். மை கூட மாறவில்லை. அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மழையில் ஓடிப்போய் ஏறினார். லோரி பின்னோக்கி நகர்ந்தபோது அந்தக் கீச்சொலி இரண்டு முறை எழுந்தது. நான் குனிந்து, மேசை இழுப்பறையில் எதையோ தேடுவதுபோல் இருந்தேன்.

அன்று மாலை என் கணவர் வீடு திரும்பும் வழியில் காரை நிறுத்தி, எனக்குப் பிடித்த அப்பம் பாலிக் வாங்கி வந்தார். வழக்கமாக அவர் அப்படிச் செய்கிறவர் அல்ல. காருக்குள் வேர்க்கடலையும் சர்க்கரையும் மணத்தன. எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த அப்பத்தை நாங்கள் இருவரும் பகிர்ந்து தின்ற நேரத்தில் நான் வாய் திறந்திருக்கலாம். 'அந்தப் பையன் சொன்னது உண்மைங்க' என்ற ஒரே வரி போதும். மறுநாள் காலையில் தவுக்கேக்குத் தொலைபேசியில் சொல்லி லோரியைத் திரும்ப வரவழைத்திருக்கலாம். என் கணவருடைய மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். நல்ல நாளாகப் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். நான் பொறுமைசாலி என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பொறுமை அன்று யாருக்கு உதவியது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

பதினாறு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, இழுவை லோரியின் பின்னால் அந்த லோரி வந்து சேர்ந்தது. முன்பக்கத்து இரும்புத் தடுப்பு உள்நோக்கி வளைந்திருந்தது. இழுத்து வந்தவர்தான் நடந்ததைச் சொன்னார். ஆலை வாசலில், எடைமேடைச் சரிவில், முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தபோது ஓட்டுநர் நிறுத்துவதற்காகக் கிளச்சை மிதித்திருக்கிறார். பெடல் கீழே போயிற்று, எஞ்சின் விடுபடவில்லை. குலைகள் நிறைந்த லோரி தன்பாட்டில் முன்னால் தள்ளிக்கொண்டு போனது. பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தும், எஞ்சின் திணறி நிற்பதற்குள் வாசல் தூணில் மோதிவிட்டது. தூணுக்குப் பக்கத்தில் பதிவேட்டோடு நின்றிருந்த நேப்பாளக் காவலாளி கடைசி நொடியில் பாய்ந்து விலகி, முழங்கையில் சிராய்ப்போடு தப்பினார். ஒரு அடி இந்தப் பக்கம் நின்றிருந்தால் அவர் இல்லை.

ஓட்டுநர் எங்கே என்று கேட்டேன். தவுக்கே அவரை அங்கேயே வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகச் சொன்னார். கிளச் பெடலில் எந்நேரமும் காலை ஊன்றி ஓட்டி அதைக் கெடுத்திருக்கிறார், அதை மறைக்கச் சத்தம் சத்தம் என்று கதை கட்டியிருக்கிறார் என்பது தவுக்கேயின் முடிவு. பட்டறையின் இரண்டு சீட்டுகளும் அவரிடம் இருந்தன.

என் கணவர் வேலையைத் தொடங்கினார். எங்களிடம் வேலை செய்யும் பங்களாதேஷ்காரரும் அவருமாகப் பின்னச்சுக்குப் போகும் தண்டைக் கழற்றி, கியர்பாக்ஸை மெல்ல இறக்கினார்கள். பேரிங்கை வெளியே எடுத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அது வெந்து நீலம் பாரித்திருந்தது. உள்ளே இருந்த குண்டுகளைப் பிடித்து வைக்கும் வளையம் துண்டு துண்டாக உடைந்திருந்தது. கிரீஸ் ஒரு சொட்டும் இல்லை. அது அழுத்தும் தகட்டின் விரல்களில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தது. அப்படி ஒரு பள்ளம் ஒரு நாளில் விழாது. வாரக்கணக்கில் வறண்டு கத்திய பேரிங்தான் அப்படிச் செய்யும். அதை என்னைவிட அவர் நன்றாக அறிவார்.

பேரிங்கைக் கீழே வைத்துவிட்டுக் குழாயடியில் போய்க் கை கழுவினார். நெடுநேரம் கழுவினார். பிறகு என் மேசைக்கு எதிரே, ஓட்டுநர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் இன்னும் கரி இருந்தது.

"ஏம்மா சொல்லல?"

"எல்லாரும் இருந்தாங்க" என்றேன்.

"அன்னைக்கு ராத்திரி வீட்டுல யாரும்மா இருந்தா?"

அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரை ஊர் முன்னால் தலை குனிய விடக்கூடாது என்றுதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். ஆனால் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தபோது, அவரை அதைவிடப் பெரிதாகக் குனிய வைத்தவள் நான்தான் என்று புரிந்தது. அவரை நான் நம்பியிருக்க வேண்டும். ஓர் உண்மையைத் தாங்கிக்கொள்ளக்கூடிய மனிதர் அவர். எனக்குத்தான் அதைச் சொல்லும் துணிவு இல்லை.

மறுநாள் நாங்கள் இருவரும் தவுக்கேயின் கிடங்குக்குப் போனோம். என் கணவர் சுற்றி வளைக்கவில்லை. தன் காது பழுதாகிவிட்டது, சத்தம் இருந்தது, தனக்குக் கேட்கவில்லை, ஓட்டுநர் மேல் தவறு இல்லை என்று மலாயில் சொன்னார். வாழ்நாளில் முதல் முறையாக அவர் அதை வாய்விட்டுச் சொன்னது ஓர் அந்நியரிடம். பிறகு நான் சொன்னேன்: எனக்குக் கேட்டது, கேட்கவில்லை என்று பொய் சொன்னேன், பொய்யாகவே எழுதியும் கொடுத்தேன்.

தவுக்கே நல்ல மனிதர். எங்களுக்குத் தகர டின்னில் அடைத்த சோயா பால் கொடுத்து உட்கார வைத்தார். நாங்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. பிறகு மேசையிலிருந்து என் இரண்டு சீட்டுகளையும் எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். என் கையெழுத்து வரிசை பிசகாமல், அழகாக இருந்தது.

"அங்கிள், ஸாயா பஹாம்" என்றார். எனக்குப் புரிகிறது என்று பொருள். நீங்கள் ஒரே இனத்துக்காரர்கள், அவனுக்குக் குடும்பம் இருக்கிறது, அவனுக்காக உங்கள் பெயரையே கெடுத்துக்கொள்ள வந்திருக்கிறீர்கள், உங்கள் நல்ல மனசு எனக்குப் புரிகிறது, ஆனால் வண்டி ஓடும்போது எழுதிய காகிதத்தைத்தானே நான் நம்ப முடியும் என்று மென்மையாகச் சொன்னார். அந்த இடத்துக்கு ஏற்கனவே வேறு ஓட்டுநரை வைத்துவிட்டதாகவும் சொன்னார்.

பொய்யை எழுதியபோது யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. உண்மையைச் சொல்லப் போனபோது, நல்லெண்ணத்தில் பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

பேரிங்கையும் பள்ளம் விழுந்த தகட்டையும் கிளச் தட்டையும் சேர்த்து மாற்றி, கியர்பாக்ஸை ஏற்றி முடித்தபோது திங்கட்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. புதிய ஓட்டுநர் வந்திருந்தார். எஞ்சினை இயக்கி, பெடலை மிதித்தார். என் கணவர் ஸ்குரூடிரைவரை எடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, "இப்ப?" என்றார். நான் லோரியின் பக்கத்தில் போய் நின்று கேட்டேன். மிதித்தார், விட்டார், மிதித்தார். இல்லை என்றேன். அந்த லோரியைப் பற்றி நான் சொன்ன 'இல்லை' உண்மையாக இருந்தது அப்போதுதான். ஆனால் அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் வேறொருவர்.

பழைய ஓட்டுநரின் வீட்டுக்கு உடனே போக எனக்குக் கால் எழவில்லை. தொலைபேசியில் அழைத்தேன், எடுக்கவில்லை. பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனியாகப் போனேன். என் கணவர் தானும் வருவதாகச் சொன்னார். இது நான் சொன்ன பொய், நான்தான் போக வேண்டும் என்றேன். யோங் பெங்கின் மறுகோடியில், மலிவு விலை வீடுகளின் வரிசையில் அவர் வீடு. செனாயில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருகிறார் என்று அவர் மனைவி வாசலிலேயே சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓட்டுநர் உள்ளேயிருந்து வந்து, "வாங்கக்கா" என்றார். உட்காரச் சொன்னார். வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு, தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

அவர் எழுந்து போனார். சினந்து போய்விட்டார் என்று நினைத்தேன். ஒரு காகிதத்தோடு திரும்பி வந்து என் கையில் கொடுத்தார். அரசாங்க மருத்துவமனையில் செவித்திறன் சோதித்த அறிக்கை. இரண்டு கோடுகள், மேலே ஏறக்குறைய நேராகப் போயின.

"மெஷின் வச்சுப் பாத்தாங்கக்கா. இவ்வளவு நல்ல காது இந்த வயசுல அபூர்வம்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்க. எதுக்குய்யா வந்தீங்கன்னு கேட்டாங்க." சிரிக்க முயன்றார். "நான் என்னன்னு சொல்றது?"

எப்போது போனீர்கள் என்று கேட்டேன். இரண்டாம் முறை பட்டறைக்கு வந்து போன மறுநாளே கிளினிக்கில் பதிந்ததாகவும், மருத்துவமனையில் தேதி கிடைத்தது வேலை போன பிறகுதான் என்றும் சொன்னார். காது போன மனிதர் என் பக்கத்தில் படுத்துறங்கிக்கொண்டிருந்தார். நல்ல காது உள்ளவர் என் சொல்லைக் கேட்டு மருத்துவமனை வரிசையில் போய் நின்றிருக்கிறார்.

"அண்ணன் கேக்கலன்னு சொன்னது எனக்குப் பெருசாத் தெரியல. அவருக்குக் காது போகுதுன்னு லோரிக்காரங்க எல்லாருக்கும் தெரியும்கா. நாங்க யாரும் வெளிய சொல்றது இல்ல. ஆனா நீங்க சொன்னீங்க பாருங்க. நீங்க பொய் சொல்ற ஆள் இல்ல. அதுக்கப்புறம் சத்தம் வந்தா, இது நம்ம மண்டைக்குள்ளதான்னு ரேடியோவ கூட்டி வச்சிட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுபடி லோரி ஓட்ட வாருங்கள், எனக்குத் தெரிந்த முதலாளிகளிடம் நானே சொல்கிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்றார். ஒவ்வொரு முறை பெடலை மிதிக்கும்போதும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும், அந்தக் காவலாளியின் முகம் முன்னால் வரும், அப்படி ஓட்ட முடியாது என்றார். ஃபோர்க்லிஃப்ட் மின்சாரத்தில் ஓடுவது, கிளச் கிடையாது. அதைச் சொல்லும்போது முதன்முறையாக அவர் குரலில் ஓர் இளைப்பாறல் தெரிந்தது. அதைக் கேட்கத்தான் எனக்கு மிகவும் வலித்தது.

அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். மன்னித்துவிட்டதாக ஓட்டுநர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாசல் வரை வந்து, "அண்ணன் காத பாத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

என் கணவர் இப்போது இரண்டு காதுகளிலும் செவிக்கருவி அணிகிறார். லோரிக்குக் கீழே அது வீறிடுவதால், கீழே போவதற்கு முன் கழற்றி என் மேசையில் வைத்துவிடுவார். யாராவது சத்தம் என்று வந்தால், வந்தவர் யாராக இருந்தாலும், எத்தனை பேர் சுற்றி நின்றாலும், "எனக்குக் கேக்காது, அவங்கதான் கேப்பாங்க" என்று சொல்லி என்னைக் கூப்பிடுகிறார். நான் அந்த நீளமான ஸ்குரூடிரைவரைக் காதுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி சொல்கிறேன். எங்கே தேய்ந்திருக்கும் என்பதை அவர் சொல்கிறார். எங்களிடம் வரும் ஓட்டுநர்கள் குறையவில்லை. இந்தச் செய்தி நாங்கள் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது அல்லவா!

வேலைச் சீட்டை இன்னமும் நான்தான் எழுதுகிறேன், 'சத்தம் இல்லை' என்று உண்மையாகவே எழுத வேண்டிய நாள்களில்கூட, பேனாவை வைப்பதற்கு முன் வந்தவரிடம் "உங்களுக்குக் கேக்குதா?" என்று ஒருமுறை கேட்டு, அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.